கோலாலம்பூர் ஏரிக்கரைகளில் குளிர்கால நீர்ப்பறவைகளைப் பார்க்க முடியுமா?

கேள்வி: செந்தூல்வாசி

அனைவருக்கும் வணக்கம். தித்திவங்சா ஏரியைச் சுற்றிக் காலையில் நடப்பது என் நெடுநாள் வழக்கம். என் தங்கை கனடாவில், டொரோண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில், குடும்பத்துடன் வசிக்கிறாள். டிசம்பர் பிறந்துவிட்டால் ஒண்டாரியோ ஏரிக்கரையில் எடுத்த வாத்துப் படங்களை அவள் அனுப்பத் தொடங்கிவிடுவாள். நீண்ட வால் கொண்டவை, பொன்னிறக் கண் கொண்டவை, உருண்டைத் தலையில் வெள்ளைப் பட்டை கொண்ட சிறியவை என்று வகை வகையாக அந்த ஏரியில் மிதக்கின்றன. அவையெல்லாம் வடக்கே வெகுதூரத்திலிருந்து குளிர்காலத்தைக் கழிக்க அங்கே வந்து தங்குபவை என்கிறாள்.

என் ஐயம் இதுதான். குளிருக்கு அஞ்சித் தெற்கே வரும் பறவைகள், ஆண்டு முழுவதும் வெயில் காயும் நம் நாட்டுக்கு இன்னும் பெருந்திரளாக வர வேண்டும் அல்லவா? தித்திவங்சாவில் நான் காண்பதெல்லாம் சில கொக்குகளும் மீன்கொத்திகளும் மட்டுமே. ஏரியின் நடுவில் ஒரு காட்டு வாத்தைக்கூட நான் கண்டதில்லை. தங்கை தைப்பூசத்துக்கு வரும்போது பறவை பார்க்க அழைத்துப் போகச் சொல்லியிருக்கிறாள். கோலாலம்பூரில் சில நாட்களும் பினாங்கில் சில நாட்களும் இருப்போம். எங்கே, எந்த நேரத்தில் போக வேண்டும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: புத்ராஜெயா வாசகர்

ஐயா, உங்கள் ஐயம் நியாயமானது. ஆனால் பறவைகள் வெயிலைத் தேடி வருவதில்லை. உறையாத நீரையும் இரையையும் தேடியே வருகின்றன, அவை கிடைத்த இடத்தில் பயணத்தை நிறுத்திக்கொள்கின்றன. ஒண்டாரியோ ஏரியின் சராசரி ஆழம் ஏறத்தாழ 86 மீட்டர், மிக ஆழமான இடத்தில் 244 மீட்டர். கோடையில் வாங்கிய வெப்பத்தை அவ்வளவு நீரும் மெதுவாகத்தான் இழக்கும் என்பதால், சுற்றியுள்ள நிலம் உறைந்த பிறகும் ஏரியின் பெரும்பகுதி திறந்தே கிடக்கிறது. உங்கள் தங்கை படமெடுக்கும் வாத்துகள் மூழ்கி இரை தேடும் வகையைச் சேர்ந்தவை. நீருக்கடியில் சிப்பியும் சிறு மீனும் இருக்கும்வரை அவற்றுக்கு ஒண்டாரியோவே போதுமான தெற்கு. மேலும் பறக்க அவற்றுக்கு ஒரு காரணமும் இல்லை.

வெப்ப மண்டலம்வரை வரும் வாத்துகளும் உண்டு. ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, தட்டைவாயன் ஆகியவை தமிழ்நாட்டு ஏரிகளிலும் கண்மாய்களிலும் குளிர்காலத்தில் கூட்டமாக இறங்குகின்றன. வேடந்தாங்கலுக்குப் போய் வந்தவர்கள் இவற்றைப் பார்த்திருப்பார்கள். இவை மூழ்குவதில்லை. தலையை நீருக்குள் கவிழ்த்து, வாலை மேலே தூக்கி, கழுத்து எட்டும் ஆழத்தில் கிடைக்கும் விதையையும் பாசியையும் மேய்கின்றன. வடகிழக்குப் பருவமழையில் நிரம்பி, பிறகு மெல்ல வற்றும் பரந்த ஆழமற்ற நீர்நிலைகள் அவற்றுக்கு ஏற்றவை. மலாயாத் தீபகற்பத்தின் இயற்கை அமைப்போ காடும் மலையும் விரைந்தோடும் ஆறுமாக இருக்கிறது. தாசேக் பெரா போன்ற ஓரிரு சதுப்பு ஏரிகளை விட்டால் அத்தகைய பரந்த நீர்ப்பரப்பு இங்கே அரிது.

நகரத்து ஏரிகளின் கதை வேறு. தித்திவங்சா ஏரி பழைய ஈயச் சுரங்கக் குழியில் உருவானது. கிள்ளான் பள்ளத்தாக்கின் பல ஏரிகள் இப்படிப் பிறந்தவைதாம். ஈயம் தோண்டிய குழிகளின் கரை படிப்படியாக இறங்குவதில்லை, ஓரிரண்டு அடிக்குள்ளேயே ஆழம் தொடங்கிவிடும். போதாக்குறைக்குப் பூங்கா அமைத்தவர்கள் கரையைச் சிமெண்டாலும் கல்லாலும் கட்டிவிட்டார்கள். மேயும் வாத்துக்கு அங்கே வேலையே இல்லை. நீங்கள் ஏரியின் நடுவில் வாத்தைக் காணாததற்கு இதுவே காரணம்.

ஆகவே நடுவை விட்டுவிட்டு ஓரத்தைப் பாருங்கள். கல் விளிம்பிலோ மிதக்கும் கட்டையிலோ, மைனாவைவிடச் சற்றே சிறியதாக, மேலே மண் நிறமும் கீழே தூய வெள்ளையுமாக ஒரு பறவை உடலின் பின்பகுதியை ஓயாமல் ஆட்டிக்கொண்டே நடக்கும். அது உள்ளான். தோளுக்கு முன்னால் வெள்ளை நிறம் ஒரு கொக்கிபோல மேலே ஏறியிருக்கும். கலைத்தால் நீர்மட்டத்தை ஒட்டி, சிறகுகளை விறைப்பாகத் துடிக்கவிட்டு, கீச்சுக் குரலெழுப்பியபடி சற்றுத் தள்ளிப் போய் அமரும். ஐரோப்பாவிலிருந்து ஆசியாவின் கிழக்குவரை ஆற்றோரங்களில் குஞ்சு பொரிக்கும் இப்பறவை ஜூலை இறுதியிலேயே நம் நாட்டுக்கு வரத் தொடங்கி, ஏப்ரல் இறுதிவரை இருக்கிறது. குளிர்காலத்தில் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு கரைத்துண்டைப் பிடித்துக்கொண்டு மற்ற உள்ளான்களை விரட்டும். நாள்தோறும் நடப்பவர் ஒரே வளைவில் பார்ப்பது பெரும்பாலும் ஒரே பறவையாகத்தான் இருக்கும். உங்கள் தங்கையின் வாத்துகளுக்கு இணையாகச் சொல்ல வேண்டுமென்றால் நம் நகரத்தின் குளிர்கால விருந்தாளி இதுதான். பலரும் இதைக் குருவி என்று கடந்து போய்விடுகிறார்கள் என்பது என் மனக்குறை.

நீர்ப்பறவைகளைக் கூடுதலாகக் காண வேண்டுமானால் புத்ராஜெயா சதுப்பு நிலப் பூங்காவுக்கு வாருங்கள். 1997, 1998 ஆகிய ஆண்டுகளில், ஏரிக்கு வரும் ஆற்று நீரை நாணலும் கோரையும் கொண்டு வடிகட்டுவதற்காக 24 பாத்திகளாக அமைக்கப்பட்ட செயற்கைச் சதுப்பு அது. பறவைகளுக்காகக் கட்டியதல்ல என்றாலும் ஆழமற்ற நீரும் அடர்ந்த செடியும் இருப்பதால் செந்நாரை, சாம்பல் நாரை, மஞ்சள் குருகு, நீலத்தாழைக்கோழி ஆகியவை அங்கே தங்குகின்றன. மஞ்சள் குருகு குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வருபவற்றால் எண்ணிக்கையில் கூடும். கோரைத் தண்டுகளுக்கிடையே கழுத்தை நீட்டி அசையாமல் நிற்கும் அதைப் பார்க்கப் பொறுமை வேண்டும். ஜனவரியில் சூரியன் எழவே காலை ஏழு மணி இருபது நிமிடம் ஆகிவிடுகிறது. வெளிச்சம் வந்ததிலிருந்து ஒன்பதரை மணிவரை நல்ல நேரம். பத்து மணிக்கு மேல் வெயிலில் அலைவதை நான் பரிந்துரைக்க மாட்டேன், பறவைகளே அப்போது நிழலில் இருக்கும்.

பதில்: உலு கிள்ளான் வாசகர்

மேலே சொன்ன விளக்கத்தோடு உடன்படுகிறேன். வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை மட்டும் சேர்க்கிறேன். கோலாலம்பூரின் கிழக்குப் பகுதியிலும் புத்ராஜெயாவிலும் நீண்ட மஞ்சள் அலகும் வெள்ளை உடலும் கொண்ட பெரிய நாரைகள் வானில் வட்டமிடுவதைக் காண்பீர்கள். உங்கள் தங்கை அவற்றைத் தொலைதூரத்து வலசைப் பறவைகள் என்று எழுதி வைத்துவிடக் கூடும். அவற்றில் மஞ்சள்மூக்கு நாரைகள் இங்குள்ள காட்டில் இயல்பாக வாழ்ந்தவை அல்ல. உலு கிள்ளானில் 1963ஆம் ஆண்டு முதல் இயங்கும் தேசிய விலங்குக் காட்சிசாலையில் கூண்டின்றித் திறந்த வெளியில் வளர்ந்த கூட்டத்தின் வழிவந்தவை. அதே வளாகத்தில் பால்நாரையும் வளர்க்கப்பட்டது. பால்நாரை நம் மேற்குக் கரைச் சதுப்புக் காடுகளில் இயல்பாக வாழ்ந்து வந்த, அழிவின் விளிம்பில் இருக்கும் பறவை. இரண்டும் கலந்து கலப்பினக் குஞ்சுகள் பிறந்துவிட்டதால், இன்று வானில் பறப்பதைச் சுத்தமான பால்நாரை என்று உறுதியாகச் சொல்லத் தயங்க வேண்டியிருக்கிறது. பால்நாரையை மீட்க நினைப்பவர்களுக்கு இது சிறிய சிக்கலல்ல.

இன்னொன்று: தயவுசெய்து ஏரிக்கரையில் ரொட்டி வீசாதீர்கள். உள்ளானும் குருகும் ரொட்டி தின்பதில்லை. தின்பவை திலாப்பியா மீனும் புறாவும் காக்கையுமே. வீசியதில் எஞ்சியது ஊறி அழுகி நீரைக் கெடுக்கும்.

பதில்: பட்டர்வொர்த் வாசகி

வணக்கம் ஐயா. பினாங்குக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். தைப்பூசத்துக்கு வருபவர்கள் எல்லாரும் தண்ணீர்மலைக்குப் போய்விட்டு, கர்னி டிரைவில் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். பறவைக்காக வருபவர்கள் பாலத்தைக் கடந்து பெருநிலத்துக்கு வர வேண்டும். கர்னி கடற்கரையில் முன்பு கொக்குகள் மேய்ந்த சேற்றுப்பரப்பு மண்ணிட்டு நிரப்பப்பட்டுப் பூங்காவாகிவிட்டது. பட்டர்வொர்த்துக்கு வடக்கே தெலுக் ஆயர் தாவார் தொடங்கி, கெடா எல்லையில் கோலமூடா ஆற்றுமுகம்வரை நீளும் சேற்றுக் கரை இன்னும் இருக்கிறது. அனைத்துலகப் பறவை அமைப்பான பேர்ட்லைஃப் அதை முக்கியப் பறவைப் பகுதிகளில் ஒன்றாகக் குறித்திருக்கிறது.

கோலாலம்பூர் ஏரிகளில் நீங்கள் தேடிக் காணாத கூட்டம் அங்கேதான் இருக்கிறது. ஆனால் அது வாத்துக் கூட்டமல்ல. சைபீரியா, மங்கோலியா, ஆக்கோட்ஸ்க் கடலோரம் ஆகிய இடங்களில் குஞ்சு பொரித்துவிட்டு, கிழக்காசிய ஆஸ்திரலேசிய வலசைப் பாதை வழியாக இறங்கும் கரைப்பறவைகள். இருபத்திரண்டு நாடுகளைத் தொடும் அந்தப் பாதையை ஐந்து கோடிக்கும் மேற்பட்ட நீர்ப்பறவைகள் பயன்படுத்துவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். பவளக்காலி, பச்சைக்காலி, கோட்டான் (ஆந்தையல்ல, நீண்டு வளைந்த அலகுள்ள கரைப்பறவை), உப்புக்கொத்தி வகைகள் ஆகியவற்றைச் சேற்றில் கலந்து மேயக் காணலாம். உலகில் குறைந்த எண்ணிக்கையிலேயே எஞ்சியிருக்கும் நார்ட்மன் பச்சைக்காலியும் சீனக் கொக்கும் இக்கரைக்கு வருபவை. நார்ட்மன் பச்சைக்காலியைத் தேடிப் பிற நாட்டவர்கள் விமானம் ஏறி வருகிறார்கள். இந்த ஊரிலேயே பிறந்தவர்களில் பலருக்கு அந்தப் பெயரே தெரியாது.

சேற்றுக் கரையில் பறவை பார்ப்பது முழுக்க முழுக்க ஓதத்தை, அதாவது கடல்நீரின் ஏற்ற இறக்கத்தைப் பொறுத்தது. நீர் வற்றியிருக்கும்போது சேறு வெகுதூரம் விரிந்து, பறவைகள் கண்ணுக்கெட்டாத நீர் விளிம்பில் கரும்புள்ளிகளாக நிற்கும். நீர் ஏற ஏற அவை கரையை நோக்கித் தள்ளப்படும். நிறை ஓதத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு போய் இடம் பிடித்து அமர்ந்துவிட்டால், நீங்கள் அவற்றிடம் போக வேண்டியதில்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஓதம் மிகவும் ஏறும். சேறு முழுவதும் மூழ்கினால் பறவைகள் எழுந்து வேறிடம் போய் ஒதுங்கிவிடும் என்பதால், அந்நாட்களில் முன்கூட்டியே வர வேண்டும். வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் தமிழ் நாள்காட்டியைப் பார்த்தே பாதித் திட்டத்தைப் போட்டுவிடலாம். சரியான மணிக்கு ஓத அட்டவணையைப் பாருங்கள். தைப்பூசம் பெரும்பாலும் பௌர்ணமியை ஒட்டியே வருவதால், விழாவுக்கு நான்கைந்து நாள் கழித்துக் கரைக்குப் போவது நல்லது என்பது என் கருத்து. அப்போது ஓதத்தின் ஏற்றமும் குறையும், பாலத்தில் வாகன நெரிசலும் குறையும்.

இக்கரை மேற்கு நோக்கியது. காலையில் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்து பறவையின் மேல் விழும், காலின் நிறம்கூடத் தெளிவாகத் தெரியும். மாலையில் எதிர்வெயிலில் எல்லாமே கறுப்பு நிழலாகிவிடும். ஆகவே காலையில் நிறை ஓதம் வரும் நாளைத் தேர்ந்தெடுங்கள். எட்டு மடங்கு பெரிதாக்கும் இருகண் நோக்கி ஏரிக்குப் போதும். சேற்றுக் கரைக்கு முக்காலியில் நிறுத்தும் தொலைநோக்கி இருந்தால்தான் இனம் பிரித்தறிய முடியும். சேற்றில் இறங்கி நடக்க வேண்டாம். முழங்கால்வரை புதைவது ஒருபுறம் இருக்க, பல்லாயிரம் கிலோமீட்டர் பறந்து களைத்த பறவைகளை மேய்ச்சலிலிருந்து கிளப்புவது பெரிய கேடு. மார்ச், ஏப்ரல் மாதங்களில் திரும்பிப் பறக்க அவை உடலில் கொழுப்புச் சேர்க்க வேண்டும். வழியில் இளைப்பாறும் மஞ்சள் கடலின் சேற்றுப்பரப்புகள் ஐம்பது ஆண்டுகளில் பெருமளவு அழிந்துவிட்டதால், நம் கரையில் கிடைக்கும் ஒவ்வொரு வேளை இரையும் அவற்றுக்குக் கணக்கில் சேரும்.

செந்தூல்வாசி

இவ்வளவு விரிவாக எழுதிய மூவருக்கும் மிக்க நன்றி. இன்று காலையே ஏரியின் ஓரத்தைப் பார்த்து நடந்தேன். வாலை ஆட்டும் பறவை ஒன்று கல் விளிம்பில் இருந்தது. ஆனால் அதன் வயிறு மஞ்சளாக இருந்தது. அது உள்ளான்தானா? அப்பால் ஒரு மரத்தடியில், நிற்கும்போது பழுப்பு நிறமாகவும் பறக்கும்போது முற்றிலும் வெள்ளையாகவும் தெரிந்த கொக்கு ஒன்றையும் கண்டேன். இன்னொரு கேள்வியும் உண்டு. காட்டு வாத்தே இங்கு இல்லை என்று தங்கையிடம் சொல்லிவிடலாமா, அல்லது முயன்றால் ஒன்றிரண்டாவது கிடைக்குமா?

பதில்: பூச்சோங் வாசகர்

வயிறு மஞ்சளாக இருந்தால் அது உள்ளான் அல்ல, கருஞ்சாம்பல் வாலாட்டி. அதுவும் குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வருவதுதான். இரண்டும் வாலை மேலும் கீழும் ஆட்டுவதால் தொலைவில் குழப்பம் வரும். வாலாட்டியின் வால் மிக நீளம், முதுகு சாம்பல், வாலடி நல்ல மஞ்சள். உள்ளானுக்கு வால் குட்டை, மஞ்சள் எங்கும் இருக்காது.

வாத்து இல்லவே இல்லை என்று சொல்ல வேண்டாம். சீழ்க்கைச் சிறகி நம் நாட்டிலேயே ஆண்டு முழுவதும் வாழும் காட்டு வாத்து. செம்பழுப்பு உடல், நீண்ட கழுத்து, பறக்கும்போது சீழ்க்கை ஒலி ஆகியவற்றால் அறியலாம். மரப்பொந்தில்கூட முட்டையிடும். டெங்கிலில் உள்ள பாயா இண்டா சதுப்பு நிலத்திலும் புத்ராஜெயாவிலும் காலையில் இதைத் தேடலாம். பாயா இண்டாவும் பழைய ஈயச் சுரங்க நிலம்தான், ஆனால் அங்கே குழிகளின் விளிம்பில் தாமரையும் கோரையும் வளர விட்டிருக்கிறார்கள். அந்த ஒரு வேறுபாடே பறவைகளின் எண்ணிக்கையை மாற்றிவிடுகிறது.

குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் வாத்துகளில் ஓரளவு எதிர்பார்க்கக்கூடியது நீலச்சிறகி ஒன்றே, அதுவும் சிறு எண்ணிக்கையில். ஆண் பறவையின் புருவத்து வெள்ளைப் பட்டையைப் படங்களில் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் ஏமாறுவார்கள், ஏனென்றால் குளிர்காலத்தின் பெரும்பகுதியில் ஆணும் பெண்ணைப் போல் மங்கிய பழுப்பிலேயே இருக்கும். முகத்தில் ஓடும் இருண்ட கோடுகளைக் கவனியுங்கள். ஊசிவாலும் தட்டைவாயனும் எப்போதாவது வந்து பறவை பார்ப்பவர்களைப் பரபரப்பில் ஆழ்த்தும். அவற்றை நம்பித் திட்டம் போட முடியாது.

ஒரு சிறு மாறுபாட்டையும் சொல்லிவிடுகிறேன். பட்டர்வொர்த் அம்மா சொல்லும் சேற்றுக் கரை சிறந்த இடம் என்பதில் ஐயமில்லை. ஆனால் கரைப்பறவைகளை இனம் காண்பது முதல்முறை போகிறவருக்குக் கடினம். சாம்பல் நிறத்தில் ஆயிரம் பறவைகளை ஒரே நேரத்தில் பார்த்துவிட்டுச் சலித்துத் திரும்பியவர்களை நான் அறிவேன். முதலில் ஏரிக்கரையில் ஓர் உள்ளானை நன்றாகப் பழகிக்கொண்டு, அதன் பிறகு அங்கே போவதே முறை.

பதில்: பட்டர்வொர்த் வாசகி

பூச்சோங் அண்ணா சொல்வது பொதுவாகச் சரி. ஆனால் வரப்போகும் தங்கை ஒண்டாரியோ ஏரியில் பழகிய கண் உடையவர், அவருக்கு ஆயிரம் பறவைகள் சலிப்பூட்டாது என்று நினைக்கிறேன். தனியே போகத் தயங்கினால் மலேசிய இயற்கைக் கழகத்தின் பினாங்குக் கிளையை அணுகலாம். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987ஆம் ஆண்டிலிருந்து ஒவ்வொரு ஜனவரியிலும் பல நாடுகளில் நடக்கிறது, கழகத்தினர் இங்கே அதில் பங்கெடுப்பவர்கள். அனுபவம் உள்ளவர்களுடன் ஒரு காலை நின்றாலே புத்தகத்தில் பல மாதம் படித்ததற்கு மேல் விளங்கும்.

வரும் வழியில் செபராங் பிறை வயல்களையும் பாருங்கள். அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும் நத்தைகுத்தி நாரைகள் தாய்லாந்துப் பக்கமிருந்து வந்து, நெல் வயலைக் கெடுக்கும் தங்க நத்தைகளைத் தின்கின்றன. என் இளம் வயதில் இப்பறவை இப்பக்கம் இருந்ததில்லை. இப்போது சாலையோரத்திலேயே கூட்டமாக நிற்கிறது.

பதில்: புத்ராஜெயா வாசகர்

கொக்கைப் பற்றிய கேள்வி விடுபட்டுப் போயிற்று. ஐயா கண்டது மடையான் வகை. அமரும்போது சிறகை மூடினால் முதுகின் பழுப்பு மட்டும் தெரியும், விரித்தால் வெள்ளைச் சிறகு வெளிப்படும். சீன மடையான், சாவக மடையான் ஆகிய இரண்டும் இங்கே குளிர்காலத்தில் இருக்கக்கூடியவை. அந்தப் பருவ இறகில் இரண்டும் ஒன்றுபோலவே கோடிட்ட பழுப்பாக இருப்பதால், பழகியவர்களும் உறுதியாகப் பிரித்துச் சொல்வதில்லை. மார்ச் இறுதியில், புறப்படுவதற்கு முன், இனப்பெருக்க இறகு முளைக்கும். அப்போது சீன மடையானின் தலையும் கழுத்தும் கருஞ்சிவப்பாகும், சாவக மடையானின் தலை வெளிறிய ஆரஞ்சு நிறமாகும். தங்கை பிப்ரவரியில் திரும்பிவிடுவார் என்றால், அவருடைய குறிப்பேட்டில் 'மடையான், இனம் தெரியவில்லை' என்றே எழுதச் சொல்லுங்கள். நீங்கள் நாள்தோறும் நடப்பவர், அதே மரத்தடியை ஏப்ரல்வரை பார்த்துவிட்டு இங்கே வந்து எந்த இனம் என்று எழுதுங்கள்.